ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

லேப்டாப் ஓப்பன் ஆகவில்லை என்று எங்கள் பக்கம் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும், மூடியைத் திறந்து பவர் பட்டனை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்கிற முதல் வார்த்தை "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பதுதான். கடைக்காரர் பார்வையில் அது சரி. வரிசையாக மெஷின் காத்திருக்கும், ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு என்று உட்கார்ந்து நோண்டினால் வாடகை கட்ட முடியாது, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் மெஷின் எப்படியும் ஓடும். ஆனால் மெஷினுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து திறந்து பார்க்கும்போதுதான் எதெல்லாம் போயிற்று என்று ஒவ்வொன்றாகத் தெரிய வரும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளான ரெஜிஸ்ட்ரியில் குப்பை என்று தனக்குப் படுவதை அழிக்கும் மென்பொருள்) ஓட்டி நின்றுபோன லேப்டாப்பில், பெரும்பாலும், உங்கள் ஃபைல் ஒன்றுகூட அழிந்திருக்காது. விண்டோஸ் தனக்காக எழுதி வைத்திருக்கும் குறிப்புகளில் சில வரிகள் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த வரிகளைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறது. அந்த வழியை அடைப்பது ஃபார்மட்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கீழ் வீட்டு அக்கா, எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறார். எல்லாம் ஒரே லேப்டாப்பில்: டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பில் போட்டோக்கள், கையெழுத்துக்கான டிஜிட்டல் டோக்கன். மெஷின் ரொம்ப ஸ்லோ என்று அவர் புலம்பியதைக் கேட்ட அவருடைய பையன், நல்ல எண்ணத்தில்தான், இணையத்தில் கிடைத்த ஒரு கிளீனரை இறக்கி ஓட்டியிருக்கிறான். அது ஸ்கேன் பண்ணி, சிவப்பு எழுத்தில் ஏகப்பட்ட 'எரர்' காட்டி, எல்லாவற்றையும் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. சரி என்றான். ரீஸ்டார்ட் கேட்டது, அதற்கும் சரி என்றான். அதற்கப்புறம் கம்பெனி லோகோ, சுற்றுகிற வட்டம், நீலத் திரை, திரும்பவும் லோகோ.

"தம்பி, இது உள்ளயே போவ மாட்டேங்குது, இருபதாம் தேதி வேற வருது" என்று அக்கா மாடிக்கு வந்தபோது முகமே சரியில்லை. மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் கடைக்காரர் தலையில் விழும், அவர் அதை அக்காவிடம்தான் கேட்பார். மிண்ட் பக்கம் ஒரு கடையில் ஏற்கெனவே காட்டிவிட்டு வந்திருந்தார். நீலத் திரையில் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்ததைப் பார்த்து, டிஸ்க்கே போய்விட்டிருக்கலாம், எதற்கும் ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம், டேட்டா வேண்டுமென்றால் தனி சார்ஜ் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வார்த்தைகளைப் படித்தால் யாருக்கும் டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில், பூட் ஆகும்போது டிஸ்க்கைப் படிக்க வேண்டிய டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேசும் சின்ன மென்பொருளை, விண்டோஸால் எழுப்ப முடியாவிட்டாலும் இதே எழுத்துதான் வரும். விண்டோஸுக்கு முன்னாலேயே எழும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரிந்தன. டிஸ்க் இருக்கிறது, கிளீனர் ஓட்டிய அடுத்த நிமிடம் விண்டோஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், சந்தேகம் போக வேண்டிய இடம் ரெஜிஸ்ட்ரிதான்.

ரெஜிஸ்ட்ரி என்பது ஏதோ குப்பை சேரும் மூலை என்ற எண்ணம் நிறைய பேருக்கு இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு புரோகிராமும் தன் அமைப்புகளைத் தனித்தனி ஐஎன்ஐ ஃபைல்களில் எழுதி வைத்தது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சின்ன அளவில் எட்டிப் பார்த்தது, 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது அமைப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்குக் குடிவந்தன. எந்த டிரைவர் எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஃபைலை எந்த புரோகிராம் திறக்க வேண்டும், யார் யாருக்கு அக்கவுண்ட் இருக்கிறது, எல்லாமே அங்கேதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்ற பெயர்களில் இருக்கும் ஃபைல்கள்தான் அதன் உடம்பு. ஒவ்வொரு யூசருக்கும் தனியாக என்டியூசர் என்று ஒன்று அவரவர் ஃபோல்டரில் இருக்கும். ஒவ்வொரு டிரைவருக்கும், பின்னணியில் ஓடும் சர்வீஸுக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'கீ' என்ற பதிவு ஒன்று இருக்கும், அதில் 'ஸ்டார்ட்' என்று ஒரு எண் உண்டு: 0 என்றால் பூட் ஆகும்போதே எழ வேண்டும், 2 என்றால் தானாக, 3 என்றால் கூப்பிட்டால் மட்டும், 4 என்றால் முடக்கம். டிஸ்க் டிரைவருக்கு 0 இருக்க வேண்டிய இடத்தில் அந்த கீயே இல்லாமல் போனால், என்னதான் நல்ல டிஸ்க்காக இருந்தாலும் விண்டோஸுக்கு அது கண்ணில் படாது.

கிளீனர் எப்படி எதைக் குப்பை என்று முடிவு செய்கிறது? ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி ஏதோ ஒரு ஃபைலைச் சுட்டுகிறது, அந்த ஃபைல் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லை, அப்படியென்றால் அனாதை, அழித்துவிடு. அக்காவின் டிஜிட்டல் டோக்கன் ஸ்கேன் நேரத்தில் மேஜை டிராயரில் கிடந்தது. டேலி பேக்கப் எடுக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் அலமாரியில் இருந்தது. பிளக் பண்ணாததெல்லாம் கிளீனர் கணக்கில் இல்லாதது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, கதவு பூட்டியிருக்கிறது என்று ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்துவிட்டுப் போவது போலத்தான் இது. சில கிளீனர்கள் கவனமாக எழுதப்பட்டவை, ஆபத்தான இடத்தில் கை வைக்காது என்பது உண்மைதான், ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் என்ன என்பதுதான் என் கேள்வி. பயன்படாத கீ கிடப்பதால் மெஷின் ஸ்லோ ஆவதில்லை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டு போவதில்லை, தனக்கு வேண்டிய கீக்கு நேராகப் போய் எடுக்கிறது. பக்கத்தில் எத்தனை பழைய வரி இருந்தாலும் அந்தப் பயணம் உணரக்கூடிய அளவுக்கு நீளாது. மைக்ரோசாஃப்ட்டே ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை, அதனால் வரும் கோளாறு விண்டோஸையே திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டிய அளவுக்குப் போகலாம் என்று தன் ஆதரவுக் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு நிறுவனம் இவ்வளவு நேராகச் சொல்லியும் இந்த மென்பொருள்கள் பள்ளிப் பையன் கைக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைப்பது எனக்கு நிஜமாகவே கோபம் வரவைக்கிற விஷயம்.

சரி, மீட்புக்கு வருவோம். லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, திரும்ப ஆன் பண்ணுவது, இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிகவரி திரைக்குப் போகும். அங்கே 'டிரபுள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. முதலில் கண்ணில் படுவது ஸ்டார்ட்அப் ரிப்பேர். அதை ஓட்டிப் பார்ப்பதில் தப்பில்லை, இந்த மெஷினில் அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முடியவில்லை என்றது.

இங்கேதான் நிறைய பேர் பதறிப்போய் 'ரீசெட்' பக்கம் போகிறார்கள். போகாதீர்கள். முதல் வேலை ஃபைல்களை வெளியே எடுப்பது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் தட்டினேன், உடனே பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீ கேட்டது. அக்கா அரண்டுவிட்டார். "நான் எந்த லாக்கும் போடலியே தம்பி." அவர் போடவில்லைதான். இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்ததுமே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதன் 48 இலக்கச் சாவியும் அந்த அக்கவுண்ட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. போனில் அந்த அக்கவுண்ட்டில் நுழைந்து டிவைஸ் பட்டியலைத் திறந்தால் சாவி இருக்கும். ஆனால் எந்த அக்கவுண்ட்? மெஷின் வாங்கிய அன்று அக்காவின் தம்பிதான் செட் பண்ணிக் கொடுத்தாராம், அவர் இப்போது எண்ணூரில் ஷிஃப்டில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் லைனுக்கு வந்து, ஓடிபி சொல்லி, ஒருவழியாக உள்ளே போனோம். திரையில் தெரிந்த கீ ஐடியும் போனில் இருந்த ஐடியும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே அக்கவுண்ட்டில் பழைய மெஷினின் சாவியும் இருக்கலாம். அந்த 48 இலக்கமும் ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும் எண், தப்பாக அடித்த தொகுதியைக் கண்டுபிடிப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பையன் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் அடித்தேன்.

திறந்தது.

இனி நகல் எடுப்பது. கருப்புத் திரையில் கமாண்ட் அடிக்கப் பயமாக இருந்தால் ஒரு சுலபமான வழி: 'நோட்பேட்' என்று அடித்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும், அதில் ஃபைல், ஓப்பன் போனால் வரும் சின்ன ஜன்னலில் கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் முழு டிஸ்க்கும் தெரியும், ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, பென் டிரைவில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று அது காட்டாது, தொங்கிப்போன மாதிரி நிற்கும், பொறுமையாக இருக்க வேண்டும். நிறைய இருந்தால் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கமாண்ட் நல்லது. துணை ஃபோல்டர்களையும் சேர்க்கும் சுவிட்ச்சோடு, ஜங்ஷன்களை (வேறு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்கு வழிகளை) தவிர்க்கும் சுவிட்ச்சையும் போட வேண்டும், இல்லையென்றால் யூசர் ஃபோல்டருக்குள் சுற்றிச் சுற்றி அதையே நகலெடுத்துக்கொண்டிருக்கும். ரிகவரி சூழலில் சி டிரைவ் டி-ஆக மாறித் தெரியலாம், அதனால் எது எதுவென்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எதை எடுப்பது என்பதுதான் முக்கியம். கடையில் "டேட்டா எடுத்துக் கொடுக்கிறோம்" என்றால் பெரும்பாலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், அதோடு சரி. டேலிபிரைம் வழக்கமாகத் தன் கணக்குகளை பப்ளிக் யூசரின் ஃபோல்டருக்குள் வைக்கிறது, கம்பெனி பெயரில்கூட இருக்காது, வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களாக இருக்கும். தெரியாதவர் அதைக் குப்பை என்று விட்டுவிடுவார். டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறக்க வேண்டிய தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றன, யுனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்கள் இல்லாமல் போனால் முழு ஃபைலும் கொக்கி கொக்கியாகத் தெரியும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இன்னும் மோசம். குரோம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தாலும், அவை அந்த விண்டோஸ் அக்கவுண்ட்டின் சாவியால் பூட்டப்பட்டவை என்பதால் புது விண்டோஸில் திறக்காது. விண்டோஸை உயிரோடு திரும்பக் கொண்டுவருவது ஏன் மதிப்புள்ள வேலை என்பதற்கு இது ஒன்றே போதும்.

கூடவே கான்ஃபிக் ஃபோல்டரையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்தேன். கெட்டுப்போன நிலையில் இருந்தாலும் அது ஒரு சாட்சி, அடுத்து நான் செய்வது தப்பாகப் போனால் இந்த இடத்துக்காவது திரும்பலாம்.

அதே ஃபோல்டருக்குள் 'ரெக்பேக்' என்று ஒன்று உண்டு. அதிலிருந்து ஃபைல்களை எடுத்து மேலே போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்றைக்கும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய விண்டோஸில் அது உண்மை. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கி பேக்கப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ஃபைல் பெயர்கள் இருக்கும், அளவு 0 பைட். அந்த வெறும் ஃபைல்களை நல்ல ஃபைல்களின் மேல் எழுதிவிட்டால் இருந்ததும் போய்விடும். அளவைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

அடுத்தது சிஸ்டம் ரீஸ்டோர், அதாவது முன்பு ஒரு நாள் சேமித்து வைத்த நிலைக்கு (ரீஸ்டோர் புள்ளிக்கு) விண்டோஸைத் திருப்புவது. சில மெஷின்களில் இது ஆஃபில் இருக்கும், அப்போது பட்டியல் காலியாக வரும். அக்காவுடைய மெஷினில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்கு முன் தானாக எடுத்த ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிக்குள் அன்றைய ரெஜிஸ்ட்ரி ஃபைல்கள் முழுசாக இருக்கும், அதனால்தான் இந்த மாதிரிக் கோளாறுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. டாக்குமென்ட், போட்டோ மாதிரி சொந்த ஃபைல்களை அது தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்கள், டிரைவர்கள், அப்டேட்கள் மட்டும் போகும், என்னென்ன போகும் என்று முன்கூட்டியே பட்டியல் காட்டும் பட்டனும் அதிலேயே இருக்கிறது.

ஆரம்பிப்பதற்கு முன் மெஷினை மாடிக்குக் கொண்டுவந்து இன்வெர்ட்டர் லைனில் போட்டேன். அக்கா லேப்டாப் பேட்டரி பிளக்கைப் பிடுங்கினால் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெயில் காலத்தில் எப்போது கையை விரிக்கும் என்று சொல்ல முடியாது. பாதி ரெஜிஸ்ட்ரி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இப்போது இருப்பதைவிட மோசமான நிலைக்குப் போய்விடும். திரையில் ஃபைல்களை மீட்கிறேன் என்று வந்தது, அப்புறம் ரெஜிஸ்ட்ரியை மீட்கிறேன் என்று வந்தது, அந்த வரியிலேயே ரொம்ப நேரம் நின்றது. அக்கா கீழே போய்க் குழம்பை இறக்கிவிட்டுத் திரும்ப வந்தார். அப்போதும் அதே வரி. இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து பவரை அழுத்திவிடுகிறார்கள். காத்திருந்தோம். ரீஸ்டார்ட் ஆகி, லோகோ, வட்டம், பாஸ்வேர்டு கேட்கும் திரை. டேலி திறந்தது, கம்பெனிகள் எல்லாம் வரிசையாக இருந்தன, டோக்கனைச் செருகியதும் பின் கேட்டது. அக்கா எதுவும் பேசாமல் அங்கேயே உட்கார்ந்து பாதியில் நின்ற பில்களை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ரீஸ்டோர் புள்ளி இல்லாமல் இருந்திருந்தால்? அப்போதும் ஃபார்மட் வரை போக வேண்டியதில்லை. நல்ல கிளீனர்கள் அழித்த வரிகளை ரெஜ் ஃபைலாகச் சேமித்து வைக்கும். சேஃப் மோடாவது (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை) வந்தால் அதை டபுள் கிளிக் செய்தால் போதும். இது மாதிரி சேஃப் மோடும் வராத மெஷினில் வேலை கொஞ்சம் நுணுக்கம்: ரிகவரி கமாண்ட் பிராம்ப்ட்டில் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட் திறந்தால் தெரிவது ரிகவரி சூழலின் சொந்த ரெஜிஸ்ட்ரி, உங்களுடையது இல்லை. லோக்கல் மெஷின் கிளையைத் தேர்வு செய்து 'லோட் ஹைவ்' (ஹைவ் என்றால் ரெஜிஸ்ட்ரியின் ஒரு ஃபைல்) கொடுத்து, டிஸ்க்கில் இருக்கும் சிஸ்டம் ஃபைலை ஒரு புதுப் பெயரில் ஏற்ற வேண்டும். அதில் 'கரன்ட் கன்ட்ரோல் செட்' என்ற கிளை இருக்காது, 'கன்ட்ரோல்செட்001' மாதிரி எண்ணோடுதான் இருக்கும், எது நடப்பில் உள்ளது என்று 'செலக்ட்' என்ற கீ சொல்லும். ரெஜ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாதைகளை அந்தப் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு இறக்க வேண்டும், முடிந்ததும் 'அன்லோட்' செய்ய வேண்டும். அக்கா மெஷினில் கிளீனர் சேமித்திருந்த பேக்கப் ஃபைலைப் பிறகு நிதானமாகத் திறந்து படித்தபோது, சந்தேகப்பட்டபடியே டிஸ்க் டிரைவரின் சர்வீஸ் கீ அழிந்தவை பட்டியலில் இருந்தது, மற்ற நூற்றுக்கணக்கான பயனற்ற வரிகளுக்கு நடுவில்.

எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அது சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் கருவி, அழிந்துபோன ரெஜிஸ்ட்ரி கீயை அது தேடிக்கொண்டு வராது. விண்டோஸ் திறக்கிறது ஆனால் பாதி விஷயம் வேலை செய்யவில்லை என்ற நிலைமைக்கு, விண்டோஸின் இன்ஸ்டால் ஃபைலான ஐஎஸ்ஓ-வை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் செட்டப்பை ஓட்டி, புரோகிராமும் ஃபைலும் இருக்கட்டும் என்று தேர்வு செய்வது நல்ல வழி. ரிகவரி திரையே வராவிட்டால் 8 ஜிபி பென் டிரைவில் இன்னொரு மெஷினிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் பூட் டிரைவ் செய்துகொள்ளலாம். இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ் லைவ் டிரைவும் ஆகும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2011 முதல் அரசு கொடுத்த லேப்டாப்களில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததே, அதை ஓட்டிப் பழகிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

மெஷின் ஸ்லோவாக இருந்ததற்குக் காரணம் ரெஜிஸ்ட்ரி இல்லை என்பதையும் பார்த்தோம். 4 ஜிபி ராம், ஆன் பண்ணியதும் தானாக எழும் ஏழெட்டு புரோகிராம், நிரம்பி வழிந்த டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலில் வேண்டாததை அணைத்தோம், டவுன்லோட்ஸில் கிடந்த வீடியோக்களை அழித்தோம், ராம் கூட்டியாயிற்று. துறைமுக லாரிகள் ஓடும் ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஃபேனில் கருப்புப் புழுதி கட்டியாக ஒட்டியிருந்தது, காற்று போகாமல் சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பெயின்ட் பிரஷ் எடுத்து, பேட்டரி கனெக்ஷனைக் கழற்றிவிட்டு, பையனே சுத்தம் செய்தான். ரீஸ்டோர் புள்ளிகளை எடுத்து வைக்கும் சிஸ்டம் புரொடெக்ஷனை ஆன் செய்து டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கினோம், நின்றுபோன அந்த ரெக்பேக் பேக்கப்பையும் ஒரு ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 என்று வைத்துத் திரும்ப ஓடவிட்டோம். பிட்லாக்கர் சாவியைப் பிரின்ட் எடுத்து அக்கா பீரோவில் வைத்துக்கொண்டார். டேலி பேக்கப் இனி வாரா வாரம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டையிலிருந்து அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டு மெஷினோடு வந்தார், அதில் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது. பயாஸில் சில சமயம் தெரிந்தது, சில சமயம் தெரியவில்லை. இது ரெஜிஸ்ட்ரி சமாச்சாரம் கிடையாது, டிஸ்க்கின் உடம்பே கெட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே மேலே சொன்ன எதையும் செய்யக் கூடாது, ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் மிச்சமிருப்பதும் போகலாம். உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரிகவரி மட்டும் செய்கிற இடத்துக்கு அப்படியே கொண்டுபோகச் சொல்லி அனுப்பினேன்.